சுற்றுச்சூழல், சுகாதாரத் தரவு வங்கி: யாரோடு கைகோர்ப்பது?

காற்றை அளப்பது ஒரு துறை. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை எண்ணுவது இன்னொரு துறை. இரண்டு கணக்கும் வருஷக்கணக்கில் ஒழுங்காகவே எழுதப்பட்டு வரும். ஆனால் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. “புகை அதிகமாக இருந்த அந்த வாரத்தில் எத்தனை குழந்தைகள் கூடுதலாக அட்மிட் ஆனார்கள்?” என்று கேட்டால், இரு பக்கமும் அடுத்த கட்டடத்தைக் கைகாட்டும். பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலைமை.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கும் தேசியத் தரவு வங்கி வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை வெளி உதவியே இல்லாமல் கட்டுவது கடினம் என்பதும் தெரியும். கருவிகள், அளவுமுறைகள், பயிற்சி, ஒப்பிடுவதற்கு மற்ற நாடுகளின் எண்கள் என எல்லாவற்றுக்கும் வெளியே போகத்தான் வேண்டும். சரி, யாரிடம் போவது? அமைச்சகங்களில் இருப்பவர்களும் ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனத்தினரும் சிக்கி நிற்பது இங்கேதான். நான்கு வழிகள் இருக்கின்றன: ஒரு பணக்கார நாட்டின் நேரடி உதவி, ஐ.நா. அமைப்புகள், அண்டை நாடுகளின் வட்டாரக் கூட்டமைப்பு, திறமூல மென்பொருளை (யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடியது) வைத்துச் சொந்தமாகக் கட்டி மற்ற நாடுகளோடு அனுபவம் பகிர்வது. நான்குமே நல்ல நோக்கத்தோடுதான் வருகின்றன. வேறுபாடு தெரிவது ஐந்தாறு வருஷம் கழித்து.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, மூலத் தரவு யார் கையில் இருக்கும் என்பது. சுருக்கி எழுதிய அறிக்கையைச் சொல்லவில்லை. கருவி மணிக்கு மணி எழுதிய எண்ணும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கும் வரியும்தான் மூலத் தரவு. பகிர்ந்துகொள்வதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். 2007-ல் இந்தோனேசியா தன்னிடம் இருந்த பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. தன் மாதிரியிலிருந்து உருவாகும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் என்பது அதன் வாதம். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் 2011-ல் வந்த பெருந்தொற்றுக் காய்ச்சல் ஆயத்தச் சட்டகம்; மாதிரியைப் பகிர்ந்தால் அதிலிருந்து வரும் பலனையும் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். வைரஸுக்குப் பொருந்தும் நியாயம் தரவுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, எதை அளப்பது என்று முடிவு செய்வது யார். மூன்றாவது, நிதி நின்றபின் வங்கி ஓடுமா. நான்காவது, மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியுமா. ஐந்தாவதுதான் எல்லோரும் தாண்டிப் போவது: சுற்றுச்சூழல் எண்ணும் நோய் எண்ணும் உண்மையிலேயே ஒன்றோடொன்று பொருந்துமா?

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு காற்று அளவீட்டு நிலையத்தின் ஒரு நாள் கோப்பில் 24 வரிகள் இருக்கின்றன. உண்மையான நுண்துகள் (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி) அளவு நாள் முழுக்க கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கருவி நின்றுபோனது. ‘தரவு இல்லை’ என்பதற்கு அது -999 என்று எழுதுகிறது. யாரும் கவனிக்காமல் சராசரி போட்டால் -3.3 வரும். காற்றில் தூசி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாதே என்று உடனே பிடித்துவிடலாம். ஆனால் இன்னொரு கம்பெனியின் கருவி, நின்றுபோன நேரத்துக்கு 0 என்று எழுதுகிறது. ஆறு மணி நேரம் நின்றால் சராசரி 30. அது பார்க்க நல்ல எண்ணாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. காற்று சுத்தமாகிவிட்டது என்று அறிக்கையும் போகும். இதோடு அந்த நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்ற குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிப் பக்கமும் இதே கதைதான். முகவரிக் கட்டத்தில் நோயாளியின் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இருக்கும். ஆஸ்துமாவுக்கு ஐ.சி.டி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் ஜே45 என்று தனிக் குறியீடு உண்டு. அவசரத்தில் ‘மூச்சுத்திணறல்’ என்ற அறிகுறிக் குறியீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். இடையில் ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இடமும் காலமும் பொருந்தாவிட்டால் இரண்டு கணக்கையும் ஒரே சர்வரில் போட்டு என்ன பயன்? எந்த ஒத்துழைப்பை எடுத்தாலும், இந்த அலுப்பான வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

## வழி 1: ஒரு நாட்டின் நேரடி உதவி

இதன் பெரிய பலம் வேகம். கருவி வரும், நிபுணர் வருவார், ஒன்றிரண்டு வருஷத்தில் திரையில் வண்ண வண்ண வரைபடம் ஓடும். ஒன்றுமே இல்லாத நாட்டுக்கு இது சாதாரண விஷயமில்லை.

மறைவாக இருக்கும் செலவு பின்னால் வரும். கருவி இலவசம். ஆனால் அதன் ஃபில்டர் டேப், அளவு சரிபார்க்கும் வாயு, உதிரிபாகம், மென்பொருள் உரிமம் எல்லாம் வருஷா வருஷம் பணம் கேட்கும். இது ஓரளவு எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பார்க்காதது, கொடுப்பவர் ஊரில் அரசியல் மாறும்போது நடப்பது.

மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் 1984-ல் அமெரிக்க நிதியில் தொடங்கியது. 90 நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதன் கீழ் நடந்தன. குழந்தை இறப்பையும் ரத்தசோகையையும் கேட்ட அதே வீட்டில், குடிநீர் எங்கிருந்து வருகிறது, சமைக்க எரிப்பது விறகா எரிவாயுவா, கழிப்பறை உண்டா என்றும் கேட்டார்கள். யோசித்தால், பல ஏழை நாடுகளுக்கு சுற்றுச்சூழலையும் சுகாதாரத்தையும் ஒரே வீட்டு வாசலில் இணைத்த தரவு வங்கியே அதுதான். 2025 பிப்ரவரியில் நிதி நிறுத்தப்பட்டது. பாதியில் இருந்த ஆய்வுகள் அப்படியே நின்றன. பிறகு தனியார் அறக்கட்டளை நிதியில் ஒரு பகுதிக்கு உயிர் வந்தது என்றாலும், நாற்பது வருஷ வேலை ஒரே உத்தரவில் நிற்க முடியும் என்பது தெரிந்துபோயிற்று.

அடுத்த மாதமே இன்னொன்றும் நின்றது. 2008-ல் பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரகம் தன் கூரையில் கருவி வைத்து நுண்துகள் அளவை வெளியிட ஆரம்பித்தது. அது பல நாடுகளில் இருக்கும் அமெரிக்கத் தூதரகங்களுக்கும் பரவி, சில நகரங்களில் மக்கள் நம்பிய முக்கிய அளவீடாகவே ஆகிவிட்டது. 2025 மார்ச்சில் அந்த எண்கள் பொதுமக்களுக்கு வருவது நின்றது. உதவியை ஏற்றவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே சொந்தக் கருவி ஒன்றை வைத்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு, ஆளைப் பழக்கியிருந்தவர்களுக்கு இழப்பு குறைவு.

இதைவிட ஆழமான ஆபத்து, எதை அளப்பது என்ற முடிவும் சேர்ந்தே கைமாறிவிடுவது. வங்கதேசக் கிணற்று நீரில் இருந்த ஆர்சனிக் என்ற நச்சின் கதையை இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளம், குட்டைத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு பரவியதால், 1970-கள் முதல் யுனிசெஃப் ஆதரவோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. 1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே நிலத்தடி நீரைப் பரிசோதித்தது. பல தனிமங்களைத் தேடியது. ஆர்சனிக்கைத் தேடவில்லை. அதே நிறுவனம் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையோடு சேர்ந்து 1998, 1999-ல் 3,534 கிணறுகளைச் சோதித்தபோது, ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராமை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம். பாதிக்கப்பட்ட ஒருவர் 1992 ஆய்வுக்காக பிரிட்டனில் வழக்குத் தொடுத்தார். ஆய்வு செய்தவர்களுக்கு அந்த மக்கள் மீது சட்டக் கடமை எதுவும் இல்லை என்று 2006-ல் அங்கே அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு யார் கடமைப்பட்டவர்? அவர்களுடைய நாட்டின் தரவுப் பட்டியல்தான் பொறுப்பு. அந்தப் பட்டியலை வெளியாளிடம் எழுதக் கொடுக்கவே கூடாது.

## வழி 2: ஐ.நா. அமைப்புகள்

1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பிறகு வந்த உலகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு அமைப்பிலிருந்து, எளிதில் சிதையாமல் தங்கிவிடும் நீண்டகாலக் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் கீழ் தாய்ப்பாலில் ரசாயனங்களை அளக்கும் திட்டம் வரை, இந்த வழிக்கு நீண்ட அனுபவம் உண்டு. இவர்கள் தருவதில் விலை மதிக்க முடியாதது பொது மொழி. இறப்புக்கான காரணத்தை எல்லா நாடும் ஒரே பட்டியலில் எழுதுவதால்தான் ஒரு நாட்டின் எண்ணை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடிகிறது. ஒரு தனி நாட்டின் உதவியைப் பெறுவதில் இருக்கும் அரசியல் சங்கடமும் இங்கே குறைவு.

மறைந்திருக்கும் செலவு, படிவம் நிரப்பும் வேலை. ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு வடிவில், ஒவ்வொரு தேதிக்குள் கேட்கும். தரவுப் பிரிவில் இருக்கும் ஏழெட்டு பேரும் வருஷம் பூராவும் மேலே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அனுப்பியதில் பெரும்பகுதி நாட்டு அளவிலான ஆண்டுச் சராசரி. அது உலக வரைபடத்தில் ஒரு நிறமாகும், ஒரு மாவட்டத்தில் ஆஸ்துமா ஏன் கூடியது என்று சொல்லாது. அளவீடே இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோளையும் கணித மாதிரியையும் வைத்து மதிப்பிட்ட எண்களும் உலக அட்டவணையில் வரும். திட்டமிட அவை உதவும். ஆனால் அதையே பார்த்துவிட்டு “நம்மிடம் தரவு இருக்கிறதே” என்று உள்ளூர் அளவீட்டுக்கு நிதி மறுப்பதும் நடக்கக்கூடியதுதான்.

இன்னொன்று, பொது அளவுகோலும் மாறும். நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு 2005-ல் 10 மைக்ரோகிராம், 2021-ல் அதுவே 5 ஆனது. நோய்ப் பட்டியலும் 2022 ஜனவரி 1 முதல் ஐ.சி.டி-11 ஆனது. ‘வரம்புக்குள்’, ‘வரம்பு மீறல்’ என்று மட்டும் சேமித்து வைத்த நாட்டுக்குப் பழைய வருஷங்கள் எல்லாம் வீணாகும். எண்ணை அப்படியே வைத்திருந்தவர் புது வரம்பை வைத்து ஒரே மாலையில் மறுபடி கணக்குப் போட்டுவிடுவார். ஐ.நா.விடம் மொழியைக் கடன் வாங்குங்கள், சேமிப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

## வழி 3: அண்டை நாடுகளோடு வட்டாரக் கூட்டு

காற்றும் ஆறும் எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை. உங்கள் ஊரின் புகையில் பாதி பக்கத்து நாட்டிலிருந்து வருகிறதென்றால், உங்கள் தரவு வங்கி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அது பாதிக் கதைதான்.

இதற்கு மிகச் சிறந்த முன்னுதாரணம் பனிப்போர் காலத்து ஐரோப்பா. ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையால் மீன்கள் செத்தன. அந்த மழைக்குக் காரணமான கந்தகம் வெளியிலிருந்து வருகிறது என்றால், எவ்வளவு, எங்கிருந்து என்று காட்ட வேண்டும். 1977-ல் ஐரோப்பியக் கண்காணிப்பு, மதிப்பீட்டுத் திட்டம் ஆரம்பமானது. 1979-ல் எல்லை தாண்டும் காற்று மாசு ஒப்பந்தம் ஜெனிவாவில் கையெழுத்தானது. கிழக்கு, மேற்கு இரண்டு அணிகளும் ஏவுகணையை ஒருவர் மீது ஒருவர் குறிவைத்திருந்த அதே வருஷங்களில், ஒரே முறையில் மழையைச் சேகரித்து, ஒரே முறையில் பரிசோதித்து, எண்ணைப் பகிர்ந்துகொண்டன. 1984-ல் அந்தக் கண்காணிப்புச் செலவைப் பங்குபோட்டுக்கொள்ள மட்டுமே தனியாக ஓர் உடன்படிக்கை போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அளவீட்டுக்கு நிலையான பணத்தை முதலில் உறுதி செய்தார்கள், மாசைக் குறைக்கும் உடன்படிக்கைகள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கிழக்கு ஆசியாவிலும் அமிலப் படிவு கண்காணிப்புக்கு 13 நாடுகள் சேர்ந்த ஒரு வலையமைப்பு 2001-லிருந்து ஒழுங்காக இயங்குகிறது.

ஒரு கூட்டு ஆய்வகத்தைப் பல நாடுகள் பகிரலாம், ஒரே மாதிரியை எல்லோரும் பரிசோதித்து யார் கை பிசகுகிறது என்று பார்க்கலாம். சின்ன நாடுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

குறை என்னவென்றால், மெதுவாகத்தான் நகரும். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு வரி மாறும். பக்கத்து நாட்டோடு வேறு எதற்காவது உறவு கெட்டால் தரவும் நிற்கும். அப்புறம், இவை பெரும்பாலும் சுற்றுச்சூழல் துறையின் பிள்ளைகள். நோய்க் கணக்கு பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒப்பந்தமே உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து சுகாதாரத்துக்கான கூட்டுக் குழுவை அமைத்தது 1998-ல்தான், கையெழுத்தாகி 19 வருஷம் கழித்து. ஆப்பிரிக்கா இதில் வேறு வழியில் போனது. 2008-ல் காபோன் நாட்டின் தலைநகர் லிப்ரவில்லில் 52 நாடுகளின் சுகாதார, சுற்றுச்சூழல் அமைச்சர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பிரகடனத்தில் ஒப்புக்கொண்டார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இப்படி இரண்டு துறையையும் முதல் நாளிலேயே உட்கார வைப்பது நல்லது.

## வழி 4: திறமூல மென்பொருள், சொந்தக் குழு

இனவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காகப் பிறந்து, நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்தது டி.எச்.ஐ.எஸ் 2 என்ற மென்பொருள். இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகள் பயன்படுத்துகின்றன. உரிமக் கட்டணம் இல்லை, சர்வர் உங்களுடையது, என்ன கேட்பது என்பதும் உங்கள் முடிவு. ஒரு நாட்டில் எழுதிய இணைப்பை இன்னொரு நாடு எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் இல்லை என்பதைச் செலவே இல்லை என்று படித்துவிடாதீர்கள். இங்கே செலவு முழுக்க மனிதர்கள். நன்றாகப் பழகிய இரண்டு பேர் அதிகச் சம்பளத்துக்குப் போய்விட்டால் வங்கி தள்ளாடும். நிரந்தரப் பணியிடம், சம்பளத் தரம், பதவி உயர்வு என்று பட்ஜெட்டில் எழுதாத நாடு இந்த வழிக்கு வரக் கூடாது. இன்னொரு விஷயம், இந்த மென்பொருள் சுகாதாரத்துக்காக எழுதப்பட்டது. மாதம் ஒரு எண் வாங்கிப் பழகியது. மணிக்கு மணி வரும் காற்று அளவை அதற்குள் திணிக்காமல், தனியாகச் சேமித்து நாள் அல்லது வாரச் சராசரியாகக் கொண்டுவந்து இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

தனிமனித நோய் விவரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்குபவர்களுக்கும் இந்த வழியில் விடை இருக்கிறது. தரவு அவரவர் நாட்டிலேயே இருக்கும். கேள்வி மட்டும் எல்லா நாட்டுக்கும் போகும். ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். இதற்கு எல்லோருடைய அட்டவணைகளும் ஒரே வடிவில் இருந்தாக வேண்டும். அந்த வேலை குறைந்தது ஒரு வருஷத்தைத் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நேரடி உதவி | ஐ.நா. | வட்டாரக் கூட்டு | சொந்தக் குழு |
|---|---|---|---|---|
| மூலத் தரவு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | உங்களிடம், சுருக்கம் அவர்களிடம் | பகிரப்படும் | உங்களிடம் |
| எதை அளப்பது | பெரும்பாலும் கொடுப்பவர் | உலகப் பொதுப் பட்டியல் | கூட்டு முடிவு | நீங்கள் |
| நிதி நின்றால் | நிற்கும் | மெலியும் | பங்குத் தொகை இருந்தால் ஓடும் | பட்ஜெட் இருந்தால் ஓடும் |
| ஒப்பிட முடியுமா | அரைகுறை | நன்றாக | அண்டை நாடுகளோடு மிக நன்றாக | பொதுக் குறியீடு இருந்தால் |
| வேகம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு | ஆரம்பத்தில் குறைவு |

## எந்த நிலைமைக்கு எது

போர், நிலநடுக்கம், நச்சுக் கசிவு என்று உடனடியாக எண் வேண்டிய நேரத்தில் முதல் வழியைத் தயங்காமல் எடுங்கள். அன்றைக்குச் சொந்தக் குழுவை வளர்த்துக்கொண்டிருக்க முடியாது. நிதி தருபவர் ஒருவரே என்றாலும் பேரம் பேச இடம் உண்டு: கருவியும் பயிற்சியும் அவர்களுடையதாக இருக்கட்டும், சர்வரும் பாஸ்வேர்டும் அளவீட்டுப் பட்டியலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

தீவு நாடு, மக்கள்தொகை குறைந்த நாடு, ஒரே ஆற்றையோ ஒரே புகைமூட்டத்தையோ பகிரும் நாடுகள் மூன்றாவது வழியில் ஆரம்பிக்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவே பாதிக்குப் பாதி விடுபடும் நாட்டுக்கு ஐ.நா. வழிதான் முதலில், ஏனென்றால் அங்கே அடித்தளமே பொதுப் பட்டியலில் இறப்பை எழுதுவது. கணினி தெரிந்த பட்டதாரிகள் இருந்தும் வெளிநாட்டு ஆலோசகரையே நம்பிக்கொண்டிருக்கும் நடுத்தர நாடுகள் நான்காவது வழிக்கு மாற வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் நான்காவதை மையத்தில் வைப்பேன். குறியீடுகளை முதல் நாளிலிருந்தே ஐ.நா.விடமிருந்து எடுப்பேன். அண்டை நாடுகளோடு ஒரே ஓர் அளவீட்டில், காற்றோ ஆற்று நீரோ, கூட்டு சேர்வேன். நேரடி உதவியைக் கருவிக்கும் பயிற்சிக்கும் மட்டும் வாங்குவேன்.

எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். ஒரே ஒரு மாவட்டம், ஒரே ஒரு வருஷம். அங்கே இருக்கும் காற்று அளவீட்டுக் கோப்பையும், பெரிய ஆஸ்பத்திரியின் மூச்சு நோய் அனுமதிகளையும் எடுத்து, நாளும் வீட்டு முகவரியும் பொருந்துமாறு உங்கள் ஆட்களை வைத்தே இணைக்கப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று எழுதி வையுங்கள். முகவரி இல்லாமல் தடுக்கிறதா, பூஜ்யங்களில் தடுக்கிறதா, இரண்டு துறையும் கோப்பைத் தர மறுப்பதில் தடுக்கிறதா? உதவி தர வருபவரோடு முதல் கூட்டத்துக்குப் போகும்போது அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.